லேபில் ராமன்... ரோட்டில் ராவணன்!

பத்துக் குரங்குகள். காற்றுப் புகாத கூண்டுகளுக்குள் அவற்றை உட்காரவைத்திருந்தார்கள். போரடித்து ரகளை செய்யக் கூடாதல்லவா? எதிரே டி.வி. போட்டு கார்ட்டூன் ஓடவிட்டிருந்தார்கள். குரங்குகள் படம் பார்த்துக்கொண்டிருக்க, குழாய் வழியாகக் கூண்டுக்குள் காற்று வந்துகொண்டிருந்தது. சும்மா காற்று இல்லை. பக்கத்தில் உருளைகள் மேல் நிறுத்தி ஓடவிட்டிருந்த ஒரு காரின் டீசல் புகை கலந்த காற்று!

வருடம் 2014. இடம், அமெரிக்காவின் நியூ மெக்ஸிகோ மாநிலத்தில் அல்புகர்க்கி நகரம். கார், ஃபோக்ஸ்வாகன் பீட்டில். செலவைப் பார்த்துக்கொண்டது ஃபோக்ஸ்வாகன், பி.எம்.டபிள்யூ., டெய்ம்லர் ஆகிய மூன்று ஜெர்மன் கம்பெனிகளும் சேர்ந்து பணம் போட்டு நடத்திய ஓர் ஆராய்ச்சி அமைப்பு.

2012-ல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு, 'டீசல் புகை புற்றுநோய் உண்டாக்கும்' என்று தீர்ப்பு எழுதிவிட்டது. டீசல் கார் விற்கிறவர்களுக்கு வயிற்றைக் கலக்காதா? 'அதெல்லாம் அந்தக் காலத்து டீசல். எங்கள் புது டீசல் சுத்தமோ சுத்தம்' என்று நிரூபிக்கத்தான் இந்த ஏற்பாடு. ஒப்பிட்டுப் பார்க்க ஒரு பழைய ஃபோர்டு வண்டியின் புகையையும் குரங்குகளுக்குக் கொடுத்தார்கள்.

இதில் பெரிய கூத்து என்ன தெரியுமா? அந்த பீட்டில் காருக்குள் ஒரு திருட்டு மென்பொருள் ஒளிந்திருந்தது. உருளைகள் மேல் ஓடினால் கார் சாதுவாகிவிடும். ரோட்டில் இறங்கினால் சுயரூபம் காட்டும். அதாவது, அந்தக் குரங்குகள் சுவாசித்தது வேஷம் போட்ட புகை. குரங்கைக்கூட ஏமாற்றியிருக்கிறார்கள்!

இத்தனை தகிடுதத்தம் எதற்கு? 'எல்லாம் பணத்தாசை' என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடலாம். ஆனால், முழுக்கதை அதுவல்ல. பூமியைச் சூடேற்ற மாட்டோம் என்று கார் கம்பெனிகள் கொடுத்த ஒரு நல்ல வாக்குறுதியில்தான் இது ஆரம்பிக்கிறது.

*

ஃபோக்ஸ்வாகன் என்றால் ஜெர்மன் மொழியில் மக்கள் கார். ஜாதகத்திலேயே கொஞ்சம் கோளாறு உண்டு. 1938 மே மாதம் இந்தத் தொழிற்சாலைக்கு அடிக்கல் நாட்டியவர் ஹிட்லர். காரை வடிவமைத்தவர் ஃபெர்டினாண்ட் போர்ஷே. 'வாரம் ஐந்து மார்க்குக்கு ஸ்டாம்ப் வாங்கி ஒட்டுங்கள். புத்தகம் நிறைந்ததும் கார் உங்களுக்கு' என்றார்கள். லட்சக்கணக்கான ஜெர்மானியர்கள் வாயைக் கட்டி, வயிற்றைக் கட்டி ஒட்டினார்கள். போர் வந்தது. ஸ்டாம்ப் ஒட்டிய ஒருத்தருக்கும் அந்தத் திட்டப்படி கார் வந்து சேரவில்லை.

மக்கள் காரின் முதல் வாக்குறுதி போன கதி அது.

போருக்குப் பிறகு, குண்டு விழுந்து கிடந்த தொழிற்சாலையைத் தூக்கி நிறுத்தியவர் இவான் ஹர்ஸ்ட் என்ற பிரிட்டிஷ் ராணுவ மேஜர். அப்புறம் நடந்தது சரித்திரம். ஆமை முதுகு மாதிரி இருந்த அந்த பீட்டில், 2003-ல் மெக்ஸிகோவில் கடைசி வண்டி வெளியே வரும் வரை இரண்டு கோடியே பதினைந்து லட்சத்துக்கும் மேல் தயாரானது. வுல்ஃப்ஸ்பர்க் என்ற ஊரே அந்தத் தொழிற்சாலைக்காக உருவானதுதான்.

1997 டிசம்பர். ஜப்பானின் கியோட்டோ நகரில் உலக நாடுகள் கூடி, பணக்கார நாடுகள் கரியமில வாயுவைக் குறைத்தாக வேண்டும் என்று ஒப்பந்தம் போட்டன. உடனே ஐரோப்பாவில் எல்லோரும் கார்களைத் திரும்பிப் பார்த்தார்கள்.

ஒரு கணக்கு. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கார்பன் டை ஆக்ஸைடு வெளியே வரும். முக்கால் கிலோ எடையுள்ள பெட்ரோலிலிருந்து இரண்டே கால் கிலோ வாயுவா? ஆமாம். எரியும்போது காற்றிலிருக்கும் ஆக்ஸிஜன் வந்து ஒட்டிக்கொள்கிறதே, அந்த எடையும் சேர்ந்துதான். இந்த வாயுவைப் பிடித்து நிறுத்த சைலன்ஸரில் ஃபில்டர் எதுவும் கிடையாது. குறைக்க வேண்டுமா? எரிபொருளைக் குறைவாக எரிக்க வேண்டும். வேறு வழியே இல்லை.

1995-ல் ஐரோப்பாவில் விற்ற புதுக் கார்கள் சராசரியாக ஒரு கிலோமீட்டருக்கு 186 கிராம் கார்பன் டை ஆக்ஸைடு விட்டுக்கொண்டிருந்தன. ஐரோப்பிய யூனியன் சட்டம் போட்டுவிடுமோ என்ற பயம் கம்பெனிகளுக்கு. 1998-ல் ஐரோப்பிய கார் கம்பெனிகளின் சங்கம் முந்திக்கொண்டது. 'சட்டமெல்லாம் எதற்கு? 2008-க்குள் நாங்களே 140 கிராமுக்குக் கொண்டுவந்துவிடுகிறோம்' என்று வாக்குக் கொடுத்தது.

எப்படி? கையில் ரெடியாக ஒரு ஆயுதம் இருந்தது. டீசல்!

டீசல் இன்ஜின் சிக்கனமானது. லிட்டருக்கு லிட்டர் பார்த்தால் டீசல்தான் கூடுதலாகக் கரியமில வாயு தரும். ஆனால், அதே லிட்டரில் அதிக தூரம் ஓடிவிடும். கூட்டிக் கழித்தால் பெட்ரோலைவிட டீசலில் கரியமில வாயு கொஞ்சம் குறைவு. எனவே அரசாங்கங்களும் டீசலுக்கு ரத்தினக் கம்பளம் விரித்தன. பிரிட்டன் 2001-லிருந்து கரியமில வாயு அளவை வைத்தே கார் வரி போட ஆரம்பித்தது. பல நாடுகளில் பெட்ரோலைவிட டீசலுக்கு வரி குறைவு. தொண்ணூறுகளின் மத்தியில் மேற்கு ஐரோப்பாவில் விற்ற கார்களில் கால் பங்குகூட டீசல் இல்லை. பத்துப் பன்னிரண்டு வருடங்களில் அது பாதியைத் தாண்டியது.

இந்த டீசல் ரதத்துக்குச் சாரதி, ஃபெர்டினாண்ட் பியெக். பீட்டிலை வடிவமைத்த போர்ஷேவின் மகள் வயிற்றுப் பேரன். இன்ஜினீயரிங்கில் ஜீனியஸ். ஆள் கறார் பேர்வழி. டர்போ டீசலை மிடுக்கான சொகுசு காருக்குள் கொண்டுவந்த ஆடி கார் நிறுவனத்தில் வளர்ந்து, 1993-ல் ஃபோக்ஸ்வாகனின் தலைமை நாற்காலிக்கு வந்தவர். 1999-ல், நூறு கிலோமீட்டருக்கு மூன்றே லிட்டர் டீசல் குடிக்கும் லூப்போ என்ற குட்டிக் காரை இவரது கம்பெனி விற்பனைக்கே கொண்டுவந்தது. 2002-ல் இன்னும் ஒருபடி மேலே போனார். நூறு கிலோமீட்டருக்கு ஒரே லிட்டர் குடிக்கும் ஒரு சோதனைக் காரை, வுல்ஃப்ஸ்பர்க்கிலிருந்து ஹாம்பர்க்கில் நடந்த பங்குதாரர் கூட்டத்துக்குத் தானே ஓட்டிக்கொண்டு போய் இறங்கினார். ஒரு லிட்டர்கூட ஆகவில்லை, 0.89 லிட்டர்தான்!

இதே மனிதர்தான் புகாட்டி கம்பெனியை வாங்கி, 1,001 குதிரைத்திறன் கொண்ட பதினாறு சிலிண்டர் காருக்கும் அஸ்திவாரம் போட்டவர். ஒரு கையில் லிட்டர் கணக்கு, இன்னொரு கையில் ராட்சசன். உலகைக் காப்பாற்றும் கார்கள் கொஞ்சமாக விற்றன. பெரிய கார்கள்தான் லாபத்தைக் கொட்டின.

*

இந்த இடத்தில் கொஞ்சம் கெமிஸ்ட்ரி. பயப்பட வேண்டாம், பரீட்சை கிடையாது.

டீசல் இன்ஜினுக்குள் வெப்பமும் அழுத்தமும் அதிகம். சிக்கனத்தின் ரகசியம் அதுதான். அந்தச் சூட்டில், காற்றில் சும்மா கிடக்கும் நைட்ரஜன் ஆக்ஸிஜனுடன் சேர்ந்துவிடும். பிறப்பது, நைட்ரஜன் ஆக்ஸைடுகள். பூமியைச் சூடாக்குவது கார்பன் டை ஆக்ஸைடு என்றால், நம் நெஞ்சைப் பதம் பார்ப்பது இது. ஆஸ்துமாக்காரர்களுக்கு எமன். வெயிலில் மற்ற புகைகளோடு சேர்ந்து நகரத்து மேல் பழுப்புப் படலமாகக் கவிந்துகொள்ளும்.

இதை அடக்க முடியாதா? முடியும். யூரியாக் கரைசலைப் புகையில் பீய்ச்சலாம். அதற்கு ஒரு டேங்க் வேண்டும், இடம் வேண்டும், காசு வேண்டும், அடிக்கடி நிரப்ப வேண்டும். இல்லையென்றால், பொறி மாதிரி ஒன்று வைத்துப் பிடிக்கலாம். அந்தப் பொறியைச் சுத்தம் செய்ய அவ்வப்போது கூடுதல் டீசல் செலவாகும். கூடுதல் டீசல் என்றால்? கூடுதல் கார்பன் டை ஆக்ஸைடு!

புரிகிறதல்லவா சிக்கல்? நுரையீரலைக் காப்பாற்றினால் மைலேஜ் அடி வாங்கும். மைலேஜைக் காப்பாற்றினால் நுரையீரல் அடி வாங்கும். இரண்டையும் காப்பாற்ற வேண்டும் என்றால் கம்பெனியின் பாக்கெட் அடி வாங்கும்.

பாக்கெட்டில் கை வைக்க யாருக்கும் மனசில்லை. ஜெர்மன் கம்பெனிகள் ரகசியமாகக் கூடி, யூரியா டேங்க் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்பது வரை பேசி வைத்துக்கொண்டன. சட்டம் கேட்பதற்கு மேல் யாரும் சுத்தம் செய்து போட்டி போடக் கூடாது என்பது ஏற்பாடு. 2021-ல் ஐரோப்பிய கமிஷன் இதற்காக ஃபோக்ஸ்வாகனுக்கும் பி.எம்.டபிள்யூ.வுக்கும் சேர்த்து 87.5 கோடி யூரோ அபராதம் போட்டது. டெய்ம்லர் தப்பித்தது. காட்டிக்கொடுத்தது அவர்கள்தான்!

ஐரோப்பாவில் நைட்ரஜன் ஆக்ஸைடு விதி தளர்வு. அமெரிக்காவில் பல மடங்கு கறார். அங்கே போய் டீசல் கார் விற்க ஃபோக்ஸ்வாகன் ஆசைப்பட்டதுதான் வினை.

2007-ல் மார்ட்டின் விண்டர்கார்ன் தலைவரானார். பியெக்கின் சிஷ்யர். 2018-க்குள் உலகின் நம்பர் ஒன் ஆகியே தீர வேண்டும் என்பது அவர் போட்ட இலக்கு. அதற்கு அமெரிக்கா வேண்டும். ஆனால், அதற்கு முன்னாலேயே, 2006-ல், புது டீசல் இன்ஜினை வடிவமைத்துக்கொண்டிருந்த இன்ஜினீயர்களுக்கு ஒன்று தெரிந்துபோயிருந்தது. விற்கிற விலையில், அமெரிக்கச் சட்டத்துக்கு உட்பட்டு இதைச் செய்ய முடியாது. மேலிடத்தில் போய் 'முடியாது' என்று சொல்ல யாருக்குத் தைரியம்?

சொல்லவில்லை. மாறாக, ஆடியிடமிருந்து ஒரு யோசனையைக் கடன் வாங்கினார்கள். ஒரே மென்பொருள், இரண்டு முகம்.

கார்ப் பரிசோதனை என்பது ஒரு நாடகம் மாதிரி. ஸ்கிரிப்ட் எல்லோருக்கும் தெரியும். கார் உருளை மேல் நிற்கும். இத்தனை விநாடி இந்த வேகம், இத்தனை விநாடி நிறுத்தம் என்று எல்லாம் அச்சடித்த மாதிரி நடக்கும். காரின் கம்ப்யூட்டர் இதை மோப்பம் பிடித்தது. ஓஹோ, இது டெஸ்ட்! உடனே புகையைச் சுத்தம் செய்யும் வேலையை முழுமூச்சாக ஆரம்பித்துவிடும். டெஸ்ட் இல்லையா? அந்த வேலைக்குப் பெரும்பாலும் லீவு. பின்னாளில் இதில் ஸ்டீயரிங்கையும் சேர்த்தார்கள். சக்கரம் சுற்றுகிறது, ஆனால் ஸ்டீயரிங் திரும்பவே இல்லை என்றால், ரோட்டிலா இருக்கிறோம்?

2008-ல் அமெரிக்காவில் 'சுத்தமான டீசல்' கடை விரித்தது. ஜெட்டா டீசலுக்கு அங்கே ஒரு பத்திரிகை, அந்த வருடத்தின் பசுமைக் கார் விருது கொடுத்தது. அடுத்த வருடம் ஆடியின் ஏ-3 டீசலுக்கும் கொடுத்தது. 2010-ல் ஆடி ஒரு டி.வி. விளம்பரம் எடுத்தது. சுற்றுச்சூழலுக்குக் கேடு செய்கிறவர்களையெல்லாம் பசுமை போலீஸ் பிடித்துப் போகும். டீசல் ஆடி வந்ததும் சல்யூட் அடிக்காத குறையாக வழிவிடும். பிடிபட வேண்டிய கார், போலீஸுக்கு நடுவே ராஜநடை போட்டது!

வீட்டு ஊரிலும் வாக்குறுதிகளுக்குக் குறைவில்லை. 2012-ல் ஜெனீவா கார் கண்காட்சியில் விண்டர்கார்ன், 2018-க்குள் உலகிலேயே சுற்றுச்சூழலைப் பேணும் முதல் கார் கம்பெனி நாங்கள்தான் என்றார். 2013-ல், ஐரோப்பாவில் விற்கும் கார்களின் சராசரியை 2020-க்குள் 95 கிராமுக்குக் கொண்டுவருவோம், ஆனால், ஆயின் என்ற பேச்சே கிடையாது என்றார். அதுவரை கம்பெனிக்கு எதிராக மல்லுக்கட்டிய கிரீன்பீஸ் இயக்கம்கூட, ஜெயித்துவிட்டோம் என்று மகிழ்ந்தது.

*

இந்த மாளிகையை அசைத்தது ஒரு சின்னப் பல்கலைக்கழகக் குழு.

சுத்தமான போக்குவரத்துக்காக ஆராய்ச்சி செய்யும் ஒரு சர்வதேச அமைப்புக்கு ஒரு சந்தேகம். ஐரோப்பாவில் டீசல் கார்கள் லேபில் ஒழுங்காக இருக்கின்றன, ரோட்டில் கெட்டுப்போகின்றன. அமெரிக்காவில் சட்டம் கறார். எனவே, அங்கே கார்கள் நன்றாகத்தான் இருக்கும். அளந்து காட்டினால், 'பாருங்கள், முடியும்' என்று ஐரோப்பாவிடம் சொல்லலாமே! கவனியுங்கள், திருடனைப் பிடிக்கக் கிளம்பியதே இல்லை. நல்ல பையனுக்குச் சர்டிஃபிகேட் வாங்கக் கிளம்பியதுதான்.

வேலை, வெஸ்ட் வர்ஜீனியா பல்கலைக்கழகத்துக்குப் போனது. டேனியல் கார்டர் தலைமையில் சிலர். அவர்களில் அரவிந்த் திருவேங்கடம், ஹேமந்த் கப்பண்ணா என்ற பெயர்களைப் பார்த்ததும் நமக்குக் கொஞ்சம் நிமிர்ந்து உட்காரத் தோன்றும். சுவிட்சர்லாந்துக்காரர் மார்க் பெஷ் இன்னொருவர். கார் கம்பெனியின் கணக்கில் டீ செலவு என்று சொல்லத்தக்க ஒரு பட்ஜெட். ஒரு ஜெட்டா, ஒரு பஸாட், ஒரு பி.எம்.டபிள்யூ. புகையை அளக்கும் கருவிகளைக் காருக்குள்ளேயே அடைத்தார்கள். கருவிகளுக்குக் கரன்ட் வேண்டுமே, ஜெனரேட்டரையும் காரோடு கட்டினார்கள். 2013-ல் ரோட்டில் இறங்கினார்கள். பஸாட், லாஸ் ஏஞ்சலீஸிலிருந்து சியாட்டில் வரை போய்த் திரும்பியது.

பி.எம்.டபிள்யூ. பெரும்பாலும் அளவோடு நின்றது. ஜெட்டா? சட்டம் அனுமதித்ததைப் போல 15-லிருந்து 35 மடங்கு நைட்ரஜன் ஆக்ஸைடு! பஸாட், 5-லிருந்து 20 மடங்கு! கருவிதான் தப்போ என்று திரும்பத் திரும்பச் சரிபார்த்தார்கள். இதே கார்கள் கலிஃபோர்னியாவின் அரசு ஆய்வகத்தில் உருளை மேல் ஏறியபோது, அம்மாஞ்சி மாதிரி பாஸாகியிருந்தன.

2014 மே மாதம் அறிக்கை வெளியானது. வுல்ஃப்ஸ்பர்க்குக்கு உடனே விஷயம் எட்டிவிட்டது. 'முதலில் நாம் நேர்மையாக இருக்கப் போகிறோமா என்று முடிவு செய்ய வேண்டும். இல்லையென்றால் எல்லாம் இப்படியே இருக்கும்' என்ற பொருளில், அமெரிக்காவில் இருந்த ஓர் அதிகாரி இமெயில் எழுதியது பின்னாளில் வழக்கில் வெளிவந்தது.

இப்படியே இருக்கும் என்றுதான் முடிவெடுத்தார்கள். 'ஏதோ டெக்னிக்கல் கோளாறு' என்று சொல்லி, சுமார் ஐந்து லட்சம் கார்களைத் திரும்ப அழைத்து மென்பொருளை மாற்றினார்கள். அந்தச் சாக்கில் என்ன செய்தார்கள் தெரியுமா? டெஸ்ட்டை இன்னும் துல்லியமாகக் கண்டுபிடிக்கும் அந்த ஸ்டீயரிங் சமாசாரத்தைக் கார்களில் ஏற்றினார்கள். சர்வீஸுக்கு விட்ட கார், முன்பைவிடக் கைதேர்ந்த பொய்யனாகத் திரும்பி வந்தது.

கலிஃபோர்னியா அதிகாரிகள் விடவில்லை. மறுபடி அளந்தார்கள். மறுபடி உதைத்தது. 'சரியான விளக்கம் தராவிட்டால் 2016 மாடல் கார்களுக்கு விற்பனை அனுமதி கிடையாது' என்று பிடியை இறுக்கினார்கள். அங்கேதான் கம்பெனி கவிழ்ந்தது. 2015 செப்டம்பர் 3-ம் தேதி உண்மையை ஒப்புக்கொண்டார்கள். செப்டம்பர் 18-ம் தேதி அமெரிக்க அரசு உலகத்துக்குச் சொன்னது. 22-ம் தேதி கம்பெனியே வாய் திறந்தது. உலகம் முழுக்க, ஒரு கோடியே பத்து லட்சம் கார்கள்! 23-ம் தேதி விண்டர்கார்ன் ராஜினாமா. தான் எந்தத் தவறும் செய்யவில்லை என்பதே அன்று முதல் அவர் நிலை. 2024-ல் ஜெர்மனியில் அவர்மீது விசாரணை தொடங்கியது. அவருக்கு விபத்து நேர்ந்ததால் பாதியில் நின்றது.

அபராதம், நஷ்டஈடு, வழக்குச் செலவு எல்லாம் சேர்ந்து 3,000 கோடி யூரோவைத் தாண்டியது. திரும்ப வாங்கிய கார்களை எங்கே வைப்பது? பாலைவனத்திலும் கைவிடப்பட்ட ஸ்டேடியத்திலும் நிறுத்தினார்கள். 2018 தொடக்கத்தில் அமெரிக்கா முழுக்க 37 இடங்களில் மூன்று லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவான கார்கள் வரிசை கட்டி வெயிலில் காய்ந்தன. அமெரிக்காவில் இரண்டு பேர் ஜெயிலுக்குப் போனார்கள். ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் கோர்ட்டில் 2025 மே மாதம் நான்கு பேருக்குத் தண்டனை விதித்தார்கள். அதில் இருவருக்குச் சிறை.

நம்மூருக்கும் பங்கு உண்டு. 2015 டிசம்பரில் இந்தியாவில் மூன்று லட்சத்து இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட கார்களைத் திரும்ப அழைப்பதாக அறிவித்தார்கள். 2019-ல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 500 கோடி ரூபாய் அபராதம் போட்டது. கம்பெனி, இந்திய விதிகளை மீறவில்லை என்று சொல்லி சுப்ரீம் கோர்ட்டுக்குப் போய் நடவடிக்கைக்குத் தடை வாங்கியது.

பணக் கணக்கு இவ்வளவு. உயிர்க் கணக்கு? அமெரிக்காவில் ஓடிய கார்களால் மட்டும் சுமார் 59 பேர் அகாலத்தில் இறந்திருப்பார்கள் என்று எம்.ஐ.டி. விஞ்ஞானிகள் குழு 2015-ல் கணக்கிட்டது. ஜெர்மனியில் விற்ற கார்களால் ஐரோப்பாவில் சுமார் 1,200 பேர் என்று 2017-ல் இன்னொரு கணக்கு. இவர்களுக்கு முகமில்லை, பெயரில்லை. யார் நெஞ்சுக்குள் எந்தக் காரின் புகை போனது என்று எந்த டாக்டர் எழுதிக் கொடுப்பார்?

*

'சரி, நைட்ரஜனில் ஏமாற்றினார்கள். பூமிக்குக் கொடுத்த கார்பன் வாக்காவது காப்பாற்றப்பட்டதா?' என்று நீங்கள் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்வி.

2008-ல் 140 கிராம் என்றார்களே, அந்த வருடம் ஐரோப்பிய சராசரி 154 கிராம் அளவில் நின்றது. அதற்குப் பிறகுதான் 2009-ல் சட்டமே வந்தது. 2015-க்குள் 130 என்றார்கள். கார்கள் அந்த இலக்கைச் சுலபமாகத் தாண்டின. பேப்பரில்!

அந்த நாளைய ஐரோப்பியப் பரிசோதனை, இருபது நிமிஷத்துக்கும் குறைவு. பதினோரு கிலோமீட்டர். சராசரி வேகம் நம்மூர் டவுன் பஸ் மாதிரி, மணிக்கு 33 கிலோமீட்டர் சொச்சம். அதிலும் எத்தனை சாமர்த்தியம்! கதவு இடுக்குகளை டேப் போட்டு ஒட்டலாம், டயரில் காற்றை இறுக்கலாம், பேட்டரி சார்ஜ் ஆகாமல் தடுக்கலாம். இப்படியெல்லாம் நடப்பதாக ஐரோப்பிய சுற்றுச்சூழல் இயக்கம் ஒன்று 2013-ல் பட்டியலே போட்டது. இதற்குத் திருட்டு மென்பொருள்கூடத் தேவையில்லை. பெரும்பாலும் விதியிலேயே ஓட்டை. விளைவு, லேப் காட்டிய கார்பனுக்கும் ரோட்டில் நிஜமாக வந்த கார்பனுக்கும் இடைவெளி 2001-ல் பத்து சதவிகிதத்துக்கும் குறைவாக இருந்தது, 2015-ல் நாற்பது சதவிகிதத்தைத் தொட்டது. இது எல்லா கம்பெனிகளுக்கும் பொது. குறைந்ததாகச் சொன்ன கார்பனில் பெரும்பகுதி, குறையவே இல்லை.

ஆக, மக்கள் நெஞ்சுக்குள் நஞ்சை வாங்கிக்கொண்டார்கள். பதிலுக்குப் பூமிக்குக் கிடைக்க வேண்டியதும் முழுசாகக் கிடைக்கவில்லை. இரண்டு பக்கமும் நஷ்டம்.

அடிபட்ட ஃபோக்ஸ்வாகன், மின்சாரக் கார் பக்கம் தாவியது. அதில் ஒரு விசித்திரம். அமெரிக்காவில் தண்டனையின் ஒரு பகுதியாக, 200 கோடி டாலரை மாசில்லா வாகனங்களுக்குச் செலவிட வேண்டும் என்று வந்தது. அந்தப் பணத்தில் பிறந்ததுதான் அங்கே மின்சாரக் கார்களுக்கு சார்ஜ் போடும் பெரிய நெட்வொர்க்குகளில் ஒன்று. விண்டர்கார்ன் காலத்துக்குப் பின் 2018-ல் தலைவரான ஹெர்பர்ட் டீஸ், 2050-க்குள் கம்பெனியே கார்பன் கணக்கில் பூஜ்யம் ஆகும் என்று அறிவித்தார். ஸ்விக்காவ் நகரத் தொழிற்சாலையை முழுக்க மின்சாரக் கார்களுக்கு மாற்றினார்கள். இதெல்லாம் நிஜம். காசைக் கொட்டித்தான் செய்தார்கள்.

ஆனால், நடுநடுவே பழைய வாசனை அடிக்காமலும் இல்லை. வுல்ஃப்ஸ்பர்க் தொழிற்சாலைக்கு மின்சாரம் தரும் நிலக்கரி மின்நிலையத்தை எரிவாயுவுக்கு மாற்றுவதாக 2018-ல் சொன்னார்கள். 2022-ல் உக்ரைன் போர் வந்து எரிவாயுவுக்கே தட்டுப்பாடு ஆனதும், நிலக்கரியே கொஞ்ச நாள் இருக்கட்டும் என்றார்கள். 2021-ல் கிளாஸ்கோ மாநாட்டின்போது, 2040-க்குள் புகை விடாத கார்களை மட்டுமே விற்போம் என்ற அறிவிப்பில் ஜெனரல் மோட்டார்ஸ், ஃபோர்டு, மெர்சிடிஸ் எல்லாம் சேர்ந்தன. ஃபோக்ஸ்வாகன் கையெழுத்துப் போடவில்லை.

கேன்டீன் கதையையும் கேளுங்கள். ஃபோக்ஸ்வாகன் தன் சொந்த சமையற்கூடத்தில் பன்றி இறைச்சி சாசேஜ் தயாரிக்கிறது. கார் உதிரிபாகம் மாதிரி அதற்கும் பார்ட் நம்பர் உண்டு! 2021-ல், தலைமை அலுவலக கேன்டீன் ஒன்றில் சுற்றுச்சூழல் காரணத்தையும் சொல்லி இறைச்சியை நிறுத்தினார்கள். முன்னாள் ஜெர்மன் பிரதமர் ஷ்ரோடரே கொதித்தெழுந்தார். 2023-ல் சாசேஜ் திரும்பி வந்துவிட்டது. சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் 2025-ல், ஐரோப்பிய யூனியன் அந்த வருடத்துக்கான கார்பன் இலக்கை மூன்று வருடச் சராசரியாகக் கணக்குக் காட்டலாம் என்று தளர்த்தியது. அதே வருடம் டிசம்பரில், 2035-லிருந்து புதுக் கார்கள் நூறு சதவிகிதம் கார்பன் குறைப்பைக் காட்ட வேண்டும் என்பதைத் தொண்ணூறாக்கலாம் என்று கமிஷன் யோசனை வைத்தது. அதற்குச் சிரிப்பு வரவில்லை.

நல்லதும் ஒன்று நடந்தது. 2017 செப்டம்பரிலிருந்து ஐரோப்பாவில் கார்ப் புகையை நிஜ ரோட்டிலும் அளக்க வேண்டும் என்று விதி வந்தது. வெஸ்ட் வர்ஜீனியாக்காரர்கள் ஜெனரேட்டரைக் கட்டிக்கொண்டு செய்த வேலை, இன்று சட்டம். புதுக் கார்கள் தாங்கள் குடிக்கும் எரிபொருளைத் தாங்களே குறித்துவைக்கவும் வேண்டும். அந்தப் பதிவுகளை வைத்து ஐரோப்பிய கமிஷன் 2024-ல் ஓர் உண்மையைச் சொன்னது. சாதாரண கார்கள் பேப்பரில் சொல்வதைவிட சுமார் 20 சதவிகிதம் கூடுதல் கார்பன் விடுகின்றன. பாதி மின்சாரம், பாதி பெட்ரோல் என்று பசுமை முகத்தோடு விற்கும் பிளக்-இன் ஹைபிரிட் கார்கள்? சொன்னதைப் போல மூன்றரை மடங்கு! ஃபோக்ஸ்வாகன் மட்டுமல்ல, எல்லோருடையதும் சேர்த்து.

1938-ல் ஸ்டாம்ப் ஒட்டிய ஜெர்மானியர்கள் கையில் ஒரு புத்தகமாவது இருந்தது. எத்தனை ஒட்டினோம், என்ன வரவில்லை என்று எண்ணிப் பார்க்க முடிந்தது. 2050-க்குள் பூஜ்யம், 2040-க்குள் பூஜ்யம் என்று இன்று கம்பெனிகள் நீட்டும் புத்தகத்தில் ஸ்டாம்ப் ஒட்டுவதும் அவர்கள்தான், எண்ணுவதும் அவர்கள்தான். அடுத்த முறை ஒரு பசுமை வாக்குறுதியைக் கேட்டால், எவ்வளவு, எந்த வருடம் என்பதை அப்புறம் விசாரிக்கலாம். அளக்கப் போவது யார், எந்த ரோட்டில்? முதலில் அதைக் கேளுங்கள்.